முனிலட்சுமி மாற்றிய பெயர்கள்

முனிலட்சுமியால் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், தெரியும். தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்த பிறகுதான் கொடியில் கிடக்கும் துணி நினைவுக்கு வரும். எழுந்து ஓடுவாள். "ஒக்காந்து தின்னுடி, சோறு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று புருஷன் ஆஞ்சப்பன் கத்துவான். துணி காய்ந்திருக்காது. தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்ததும் அடுப்பை அணைத்தோமா என்று ஒரு சந்தேகம்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தது ஒரு பிரஸ் மிஷின். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே எட்டு வருஷம் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆளாக நின்றாள். தகட்டை வை, பட்டனை அழுத்து, எடுத்துப் போடு, அடுத்த தகடு. ஒரு மதியம் வலது ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அந்த மிஷின் இறங்கும் சத்தம் கேட்டாலே கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். பன்னிரண்டாவது படித்தவளாச்சே என்று எச்.ஆர். அதிகாரி ராஜசேகர் இரக்கப்பட்டு டைம் ஆபீஸில் இடம் கொடுத்தார். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று வருகைப் பதிவு பார்க்கிற அறை அது.

"ஆறு மாசம் பாப்போம்மா" என்றார் அவர். "சரியா வந்தா இங்கயே இரு. தப்பு கிப்பு வந்துச்சு, திரும்ப பிரஸ்ஸுதான். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

அந்த ஆறு மாசம் இந்த ஏப்ரலோடு முடிகிறது. அதனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னாலும் இருப்புக் கொள்ளாதுதான், இப்போது அதற்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

கம்பெனி பஸ் குந்தாரப்பள்ளியில் ஏறினால் ஓசூர் வர ஒரு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இவள் தூங்குவாளா? போனில் பைத்தான் பாடம் பார்ப்பாள், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற பாஷை அது. யாரோ ஒரு பையன் தமிழில் சொல்லிக்கொடுக்கும் வீடியோ. மூன்று மாசத்தில் நாலு வரி, பத்து வரி என்று எழுத வந்துவிட்டது. லீவு போட்டவர்கள் பட்டியலைத் தனியாகப் பிரித்தெடுக்க ஒரு புரோகிராம் எழுதினாள். பக்கத்து சீட் சௌமியா அரை நாள் உட்கார்ந்து பார்க்கிற வேலை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. "பாத்தியா!" என்று எழுந்து நின்று கைதட்டினாள். சௌமியா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தன் வேலையில் இறங்கினாள்.

இந்த நேரத்தில்தான் மணி வந்தான்.

மணி பிரஸ் ஷாப்பில் அவளோடு வேலை செய்தவன், காவேரிப்பட்டினம் பக்கத்து ஆள். பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட். இந்த வருஷம் கம்பெனி இருநூறு முன்னூறு பேரை நிரந்தரம் செய்யப் போகிறது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இரண்டு நிபந்தனை. வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரைக்கும் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும். மணிக்கு முப்பத்தொன்பது முடிந்து பத்து மாசம். இதை விட்டால் அவனுக்கு அடுத்தது கிடையாது.

"ஏம்மா லட்சுமி" என்று கதவோரம் நின்று கூப்பிட்டான். "ஆதார்ல என் பேரு மணிகண்டன்னு இருக்குது. உங்க ரெஜிஸ்டர்ல வெறும் மணின்னு இருக்குதாம். பேரு ஒத்து வரலன்னா பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல தள்ளிடுவாங்களாமே?"

தள்ளத்தான் தள்ளுவார்கள். மணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பு ஒன்று இருக்கிறது, ஜூன் மாசம் காய் பறிக்கப் போய்விடுவான். இந்தப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தால், அந்தக் காண்ட்ராக்டர் இருக்கிறானே மகராசன், பழைய டோக்கனை, அதாவது ஆள் எண்ணை, ரத்து செய்துவிட்டுப் புது ஆள் மாதிரி புது டோக்கன் வெட்டிக் கொடுப்பான். நாள் சேர்ந்துவிடக்கூடாது என்று அவனுக்கு அப்படி ஒரு கவலை. நல்ல வேளையாகப் பெங்களூர் தலைமை அலுவலகம் பழைய டோக்கனையும் புது டோக்கனையும் பேரை வைத்துச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே பன்னிரண்டு மாச ஃபைலிலும் மணிகண்டன் என்று ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

"இவ்ளோதானாண்ணா? ஒரு நிமிஷ வேலை, நீ போ" என்றாள்.

சும்மா ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, அவன் பேரைத் தேடி, கையால் மாற்றியிருந்தால் இருபது நிமிஷம். ஆனால் இருபது நிமிஷம் உட்கார வேண்டுமே! பைத்தானில் ரீப்ளேஸ் என்று ஒன்று உண்டு. பழையதைச் சொல், புதியதைச் சொல், அது மாற்றிக் கொடுத்துவிடும். மணி என்று இருந்தால் மணிகண்டன் என்று மாற்று என ஒரு வரி எழுதி, பன்னிரண்டு ஃபைலையும் அதற்குள் ஓட்டினாள். பழைய ஃபைல் மேலேயே புதியதை எழுதினாள், நகல் எடுத்து வைக்கவில்லை. திரையில் தெரிந்த ஒரே ஒரு வரியைப் பார்த்தாள். மணிகண்டன் என்று இருந்தது. மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கே ஃபைல்களைப் பெங்களூருக்கு ஏற்றினாள்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு பதில் வந்தது. இருபத்திரண்டு பேர் நிராகரிப்பு. காரணம், பெயர் பொருந்தவில்லை. திருத்தி அனுப்ப மதியம் பன்னிரண்டு மணி வரை நேரம்.

ஃபைலைத் திறந்து பார்த்தாள். சுப்ரமணி இருந்த இடத்தில் சுப்ரமணிகண்டன். வீரமணி வீரமணிகண்டன் ஆகியிருந்தான். மணிமேகலை என்ற பாவப்பட்ட பெண் மணிகண்டன்மேகலை. ஏற்கெனவே மணிகண்டனாக இருந்தவர்கள் மணிகண்டன்கண்டன். நம்ம பக்கம் மணி இல்லாத பேர் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்? பதிவில் எல்லாப் பேரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் இருக்கும், ஆகையால் பேரின் முன்னால் வந்த மணி, நடுவில் வந்த மணி, கடைசியில் வந்த மணி என்று ஒன்றையும் விடாமல் பிடித்து மாற்றியிருந்தது. மிஷினைக் குறை சொல்ல முடியாது. முழுப் பேரும் மணியாக இருந்தால் மட்டும் மாற்று என்று இவள் சொல்லவே இல்லையே.

"என்னடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்றாள் சௌமியா.

"ஒண்ணுமில்ல, சர்வர் ஸ்லோ" என்றாள் முனிலட்சுமி.

பொய். ராஜசேகர் காலையிலிருந்து மீட்டிங்கில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் சரி செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பிரஸ் ஷாப்புக்குத் திரும்பிப் போக வேண்டாம். இந்த நினைப்புத்தான் அவளை அடுத்த கிணற்றில் தள்ளியது.

மணியை மணிகண்டன் ஆக்கியது தப்பு என்றால், மணிகண்டனைத் திரும்ப மணி ஆக்கிவிட்டால் போயிற்று. யோசனை சரிதான், ஒரு தரம் ஓட்டியிருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். மணிகண்டன்கண்டன் கூட மணிகண்டன் ஆகியிருப்பான். அவள் புரோகிராமை ஓட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. வேலை முடிந்தால் முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அந்தச் சனியன்? ஓடவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் ஓட்டினாள்.

இரண்டாம் தரம் ஓடியபோது, அப்போதுதான் சரியாகியிருந்த நிஜ மணிகண்டன்கள் ஐந்து பேரையும் அது மணியாக்கிவிட்டது.

சுப்ரமணி சரி, வீரமணி சரி, மணிமேகலை சரி. பதினைந்து பேர் பிழைத்தார்கள். ஆனால் இப்போது பட்டியலில் மணி என்று எட்டுப் பேர். அதில் யார் பிறவி மணி, யார் மணிகண்டன் என்று அந்த ஃபைலைப் பார்த்துச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் இல்லை. ஒரு மணி நம்ம மணி, அவன் டோக்கன் அவளுக்குத் தெரியும். மீதி ஏழு? சரியான பேர்ப் பட்டியல் பெங்களூரில் இருக்கிறது. அதைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

எழுந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் வந்தாள். ஐயோ கடவுளே, ஒருத்தனுக்கு நல்லது செய்யப் போய் இத்தனை பேர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று உள்ளே அடித்துக்கொண்டது. அப்போது நேரம் பத்து ஐந்து.

அப்புறம்தான் கழுத்து அட்டை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஆள் கழுத்திலும் ஆதார்படி பேரும் டோக்கனும் அடித்த அட்டை தொங்கும். ஏழு டோக்கன் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்கு ஓடினாள்.

அசெம்பிளியில் இரண்டு பேர், ஸ்டோரில் ஒருவர், கேன்டீன் பின்னால் பீடியை மறைத்தபடி ஒருவர். "சும்மா கார்டு செக் பண்றோம்ணா" என்று சொல்லிப் படித்துப் படித்துக் குறித்தாள். ஒருத்தர் கன்னடத்தில் திட்டினார், இவளும் கன்னடத்திலேயே சமாதானம் சொன்னாள். இரண்டு பேர் பிரஸ் ஷாப்பில். ஆறு மாசமாக அந்தக் கதவைத் தாண்டாதவள் வாசலில் நின்றாள். முப்பது மிஷினும் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. உள்ளங்கை வேர்த்துப்போய்த் தாள் நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கே மணியும் இருந்தான். "என்னம்மா இந்தப் பக்கம்? என் பேரு போயிடுச்சா?" என்று சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"போயிடும்ணா, போயிடும்" என்று அவன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

ஏழாவது ஆள் இரண்டாம் ஷிப்ட். வீடு காவேரிப்பட்டினம். போன் போட்டால் சம்சாரம் எடுத்தது.

"அவரு குளிக்கறாருங்க."

"அக்கா, அவரு கம்பெனி அட்டையில என்னா பேரு போட்டிருக்குது, கொஞ்சம் படிங்களேன்."

"எதுக்குங்க? வேலையை விட்டு எடுக்கப் போறீங்களா?"

"இல்லக்கா! நல்லதுக்குத்தான். சீக்கிரம் படிங்கக்கா, உங்க புண்ணியம்."

அந்த அம்மா அட்டையைத் தேடினாள். பேன்ட் பையில் இல்லை, ஆணியில் இல்லை, கடைசியில் டிவி பின்னால் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். மணிகண்டன். இங்கே முனிலட்சுமி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். மணி பதினொன்று இருபது.

இந்தத் தடவை புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் பன்னிரண்டு ஃபைலுக்கும் நகல் எடுத்தாள். பிறகு எழுதினாள். பேர் மணி என்று மட்டும் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் ஓர் எழுத்துக் கூடாது. டோக்கனும் இந்த ஆறில் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மட்டும் மணிகண்டன் என்று மாற்று. ஐந்து பேர் நிஜ மணிகண்டன்கள், ஆறாவது நம்ம மணி. மற்ற இரண்டு மணியும் மணியாகவே இருக்கட்டும். ஓட்டியதும் ஒரு ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பதினொன்று நாற்பத்தேழுக்கு ஏற்றினாள்.

ஐந்து நிமிஷத்தில் பதில். இருபத்திரண்டு பேரும் ஏற்கப்பட்டார்கள். நிராகரிப்பு ஒன்று. மணிகண்டன், டோக்கன் நான்கு நான்கு ஒன்று ஏழு. இருநூற்று ஐந்து நாள். போதாது.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஜூன் மாசத்தோடு அவனுடைய பழைய டோக்கன் ரத்தாகிவிட்டதே! இவள் கொடுத்தது புது எண். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாசமும் அவன் பழைய எண்ணில், பழைய மணியாகவே கிடந்தான். அறுபது நாள் அநாதையாக நின்றது. காலையில் மற்ற எல்லாரும் கெட்டுப்போனபோது இவன் ஒருத்தன்தான் சரியாக இருந்தான். இப்போது எல்லாரும் தேறிவிட்டார்கள், இவனைக் கெடுத்தாயிற்று.

புரோகிராமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மூன்று ஃபைலைத் திறந்து, மூன்று வரியைத் தேடிக் கையால் அடித்தாள். நுனியில்லாத விரல் அவசரத்தில் பக்கத்து எழுத்தைத் தட்டியது. அழித்து அடித்து, மறுபடி அழித்து அடித்து, ஏற்றப் போனால் பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிஷம். நேரம் முடிந்தது என்று சிவப்பில் ஒரு கட்டம் வந்து நின்றது.

அப்போதுதான் ராஜசேகர் உள்ளே வந்தார்.

முனிலட்சுமி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நேற்று செய்தது, காலையில் செய்தது, சர்வர் என்று பொய் சொன்னது, எல்லாம். சௌமியா தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவர் முகம் கறுத்தது.

"ஒன்பதே காலுக்கே என்கிட்ட வந்திருந்தா, அந்தப் பேர்ப் பட்டியலை ரெண்டு நிமிஷத்துல வாங்கிக் கொடுத்திருப்பேனே! வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தினார். கத்திக்கொண்டே போனை எடுத்துப் பெங்களூருக்குப் போட்டார். "மேடம், ஸ்வல்ப நோடி மேடம்" என்று, கொஞ்சம் பார்க்கச் சொல்லிக் கன்னடத்தில் குழைந்தார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு மணிக்குள்ள லெட்டர் வேணுமாம். கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டா எடுத்துக்க மாட்டாங்க. பதிவை யாரு மாத்துனது, எதனால மாத்துனதுன்னு செஞ்ச ஆள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும். அது உன் ஃபைல்ல ஏறும். ஏறுனா உன்னை நான் இங்க வச்சுக்க முடியாது. தெரியுதா?"

"தெரியுது சார்."

அவர் கதவைப் பார்த்தார், சௌமியாவைப் பார்த்தார், குரலை இறக்கினார். நல்ல மனுஷன்தான், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. "எழுதித்தான் ஆகணும்னு நான் சொல்லல. இருபத்திரண்டு பேரு போயாச்சு. ஒரு ஆளுக்கு நாள் பத்தலன்னு வந்திருக்குது. அப்படியே விட்டாலும் எவனும் வந்து கேக்கப் போறதில்ல. சாப்பிட்டுட்டு வரேன். யோசிச்சு வையி."

அவர் போய்விட்டார். முனிலட்சுமிக்குப் பயமாக இருந்தது, வெட்கம் விட்டுச் சொன்னால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரஸ் ஷாப் கதவுக்குள் காலையில் நின்ற நிற்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஆஞ்சப்பனுக்குப் போன் போடலாமா என்று எடுத்தாள், வைத்தாள். "விடுடி" என்றாள் சௌமியா மெதுவாக. "நீ என்ன வேணும்னா பண்ண?" முனிலட்சுமி எழுந்தாள். பிரின்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி எழுதத் தொடங்கினாள். இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு, ராஜசேகர் வந்ததும் அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு ஸ்கேன் செய்து, திருத்திய மூன்று ஃபைலோடு சேர்த்து அனுப்பினார். இரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. மணிகண்டன், இருநூற்று அறுபத்தைந்து நாள், ஏற்கப்பட்டது.

ஷிப்ட் முடிந்து மணி கேன்டீன் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடி வந்தான்.

"மெடிக்கல் செக்கப்புக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்துடுச்சும்மா! எல்லாம் உன்னாலதான். நீ நல்லா இருக்கணும்."

"என்னாலதாண்ணா அது போகாம நின்னுச்சு" என்றாள் அவள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாள் பத்தவில்லை என்று வந்ததையும், கைப்பட எழுதிக் கொடுத்ததையும் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"அப்ப உன் வேலை?"

"திங்கக்கெழமையிலருந்து பிரஸ்ஸுக்கு."

மணி கையைச் சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

"எதுக்கும்மா இப்படிப் பண்ண? நாள் பத்தல மணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பிட்டுப் போயிருப்பேனே."

"தெரியும்ணா" என்றாள் முனிலட்சுமி. "அதான்."